மூத்தோர் கதை கேட்கும் ஒரு விறாந்தை: திருகோணமலையிலிருந்து ஓர் அனுபவக் குறிப்பு

எங்கள் ஊரில் எந்தக் கடையில் நல்ல இறால் கிடைக்கும், எங்கே இடியப்பம் மெதுவாக இருக்கும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதான ஒருவர் மனம் உடைந்துபோனால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று எழுதுகிறவர்களை நான் காணவில்லை. யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கு ஏழு மாதம் மிஞ்சியிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது நகருக்குள் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோவிலைப் பற்றி. பஸ் நிலையத்திலிருந்து என் நடைக்குப் பத்து நிமிடம். பெயரை எழுதவில்லை. அங்கே வந்து போகிறவர்கள் எல்லாரும் வெளியில் தெரிவதை விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. பாதரும் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர் தான் தங்கும் அறைவீட்டின் பக்க விறாந்தையில் இருப்பார். "கதைக்க விரும்பும் மூத்தோர் வரலாம், எந்தச் சமயமானாலும் சரி" என்று ஒரு மட்டையில் கையால் எழுதிக் கேற்றில் கட்டியிருக்கிறார்கள். விறாந்தையின் ஒரு மூலையில் இரண்டு கதிரைகள். அவற்றிலிருந்து எட்டு யார் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒரு நீள வாங்கு. காசு எதுவும் இல்லை. இரண்டாம் மாதம் நான் ஒரு கடித உறையில் ஐயாயிரம் ரூபாய் வைத்துக் கொடுத்தேன். "இதை மகளின் பிள்ளைக்கு அனுப்புங்கோ ஐயா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

நான் சைவன். உப்புவெளியில் இருக்கிறேன், வயது 73. தபால் திணைக்களத்தில் வேலை செய்து 2012இல் ஓய்வு பெற்றேன். மனைவி பாலையூற்றுக் கத்தோலிக்கக் குடும்பம். 1980இல் கல்யாணம் செய்தபோது இரண்டு பக்கமும் வரவில்லை, பிறகு இரண்டு பக்கமும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசரைக் கும்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போவாள். நாற்பத்திரண்டு வருடம் அப்படித்தான் போனது.

2022 ஜூலை முதல் கிழமை அவள் போனாள். அந்த நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்றாள். நான் ஒழுங்கைக்குள் ஓடினேன். முதல் இரண்டு ஆட்டோவிலும் பெற்றோல் இல்லை. மூன்றாவது வீட்டுப் பெடியன் போத்தலில் வைத்திருந்த கொஞ்சத்தை ஊற்றிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது ஐம்பது நிமிடம் கடந்திருந்தது. விடியுமுன் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் மகள் மட்டக்களப்புக்குத் திரும்ப முன், குற்றம் சொல்லும் குரலில்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பா, 1990க்கு அடிச்சீங்களா?" சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம். இலவசம். நான் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. 1990 என்றால் எங்கள் மாவட்டத்துச் சனத்துக்கு முதலில் வருவது ஓர் ஆண்டு. அந்த ஆண்டு ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, நாங்கள் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் வரும். அம்புலன்ஸ் வருவதில்லை. ஆனால் மகளின் கேள்விக்குப் பிறகு அந்த நான்கு இலக்கங்களும் என் தலைக்குள்ளேயே இருந்துவிட்டன.

நித்திரை இரண்டு மணிக்கு முறியும், பிறகு வராது. சோறு மணலாக இருந்தது. வாசிகசாலைக்குப் போவதை விட்டேன். குளிக்காமல் மூன்று நாள் இருந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவும் இல்லை. கோணேசர் மலைக்கு ஏறுவது நின்றது. கனடாவில் இருக்கும் மகன் வட்சப்பில் எடுத்துச் "சாப்பிட்டீங்களா அப்பா" என்று கேட்பான். "ஓம்" என்பேன். முகத்தைக் கமெராவுக்கு எட்டவே வைத்திருப்பேன், கன்னம் ஒட்டியது தெரியக்கூடாது என்று.

யாரிடம் போவது? ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருப்பது எனக்குத் தெரியும். எத்தனையோ கடிதங்கள் அங்கே போய்ச் சேர நானே முத்திரை குத்தியிருக்கிறேன். ஆனால் என் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லோடு "அங்கொடை" என்ற ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டு வரும். கொழும்புப் பக்கம் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. சின்ன வயதில் ஒருவரை ஏசுவதற்கே "அங்கொடைக்கு ஏத்த வேணும்" என்று சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது. அதன் பலனாக இன்று எங்கள் ஊரிலேயே வைத்தியர் இருக்கிறார். மூளைக்கு அது தெரியும். கால்கள் அந்த வாசலுக்குப் போகாது.

அதனால் எல்லா வயதானவர்களையும் போல நான் முதலில் சாமியிடமும் சாமிக்கு அருகில் இருப்பவர்களிடமும் போனேன்.

எங்கள் கோவில் குருக்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். மனைவி வேறு சமயம் என்று பாராமல் மோட்ச அர்ச்சனை செய்து தந்தார். ஆனால் அவருக்குக் காலையிலிருந்து இரவு வரை பூசை. இடையில் அபிஷேகம், திவசம், புதுமனை. நான் போய் நின்றால் விபூதி தந்து, தலையில் கை வைத்து, "எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்பார். அந்தக் கையின் சூடு உண்மை. ஆனால் எங்கள் கோவில்களில் ஒருவர் உட்கார்ந்து அழுவதற்கு என்று ஒரு கதிரை கிடையாது. அதை யாராவது போட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மண்டபம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு குருக்களும் இரண்டு நல்ல மனிதர்களும் கிழமையில் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும்.

அக்கா என்னை ஒரு சாத்திரியாரிடம் கூட்டிப்போனார். வீட்டில் தோஷம், சாந்தி செய்ய 35,000 ரூபாய் என்றார். கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை. அதைவிட என்னை நோகடித்தது வேறு ஒன்று. மனைவி பக்கத்து உறவுக்காரர் ஒருவர் ஒரு பிரசங்கியாரைக் கூட்டத்தோடு வீட்டுக்கு அழைத்துவந்தார். பாடினார்கள், செபித்தார்கள், அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. முடிவில் அவர் என்னைப் பார்த்து, "இவ்வளவு கவலை விசுவாசக் குறைவு ஐயா, ஆவிக்குரிய பிரச்சினை இது" என்றார். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவிடம், அவர் போடும் நித்திரைக் குளிசையையும் விட்டுவிட்டு உபவாசம் இருக்கச் சொன்னார். அந்த இரவு நான் மனைவியின் படத்துக்கு முன்னால் இருந்து, கவலைப்படுவதிலும் நான் தவறிவிட்டேனே என்று நினைத்தேன். வயதான மனதில் இருக்கும் காயத்தின் மேல் இன்னொரு குற்றத்தை வைப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். குளிசையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் போகாதீர்கள், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும்.

பாதரிடம் நான் ஆறுதல் தேடிப் போகவில்லை. 2023 பெப்ரவரியில், மனைவியின் பெயரில் பூசை ஒப்புக்கொடுக்கக் காசு கட்டப் போனேன். துண்டு எழுதி முடிந்ததும், "இருந்துவிட்டுப் போங்கோ ஐயா, வெயில்" என்றார். அவ்வளவுதான். இருந்தேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் புள்ளிமான்கள் நகரத்துக்குள் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். ஒரு பெண்மான் குட்டியோடு வளவுக்குள் வந்து, கேற்றில் கட்டியிருந்த அந்த மட்டையையே கடித்துக்கொண்டு நின்றது. பாதர் எழும்பிப் போய் மட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டு வந்தார். நான் மானைப் பற்றித்தான் கதைக்கத் தொடங்கினேன். என் மனைவி அதற்குப் பலாப்பழச் சடை வைப்பாள் என்று சொன்னேன். பிறகு ஒரு மணித்தியாலம் போனது எனக்குத் தெரியாது.

இவர் எப்படிக் கேட்கிறார் என்பதை எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையே அதுதான். போனை உள்ளே வைத்துவிட்டு வருவார். நேருக்கு நேர் இருக்க மாட்டார். இரண்டு கதிரையும் வேப்பமரத்தைப் பார்த்தபடி கொஞ்சம் சாய்வாக இருக்கும். ஆண்களுக்கு இது பெரிய உதவி, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம். அழுதால் தடுக்க மாட்டார், கைக்குட்டை நீட்டவும் மாட்டார், காத்திருப்பார். "கடவுளின் சித்தம்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகக் கேட்டால் ஒழிய வேதாகமத்தைத் திறந்ததில்லை. நான் சைவன் என்பதை மறந்ததும் இல்லை, மூன்றாம் கிழமை அவர் கேட்ட கேள்வி, "கோணேசரிடம் போய் எத்தனை நாள்?" என்பது.

1990க்கு அடிக்காத கதையை நான்காவது தடவை போனபோதுதான் சொன்னேன். அதுவரை மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் சமாதானம் சொல்லவில்லை. "அந்த இரவில் நீங்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். செருப்புப் போடாமல் ஓடினது, மூன்று கதவைத் தட்டினது, அவளைத் தூக்கினது, ஆட்டோவில் தலையை மடியில் வைத்திருந்தது, வழியெல்லாம் அவள் கையைத் தேய்த்தது. எல்லாம் சொல்லி முடிய, "ஏழு மாதமாகச் செய்யாத ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். செய்ததை இன்றைக்குத்தான் எண்ணுகிறீர்கள்" என்றார். அன்று பஸ்ஸில் போகாமல் கடற்கரையால் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. பலருக்கு அந்தப் பயம் இருக்கிறது, சின்ன ஊர். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். ஆனால் விறாந்தையில் கதைப்பது பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் முதலிலேயே அதைத் தெளிவாக்கினார்: "இங்கே கதைப்பது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் மட்டும் வீட்டாரிடம் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இப்படி எல்லையைச் சொல்லித் தொடங்குகிறவரை நம்பலாம். எல்லாவற்றையும் மறைப்பேன் என்று வாக்குத் தருகிறவரை எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த வாக்குச் சோதனைக்கு வந்தது ஆறாவது கிழமை. நான் அன்று நன்றாகத்தான் கதைத்தேன் என்று நினைக்கிறேன். பென்சன் புத்தகம் எங்கே இருக்கிறது, வீட்டு உறுதி எங்கே இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேராகக் கேட்டார். காலையில் எழும்பாமல் போனால் நல்லது என்று தோன்றுவதைச் சொன்னேன். அடுத்த கேள்வியையும் கேட்டார். அதற்கும் உண்மையைச் சொன்னேன். பாவம், நரகம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இப்படி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதைப் பிறகு வைத்தியரிடம் கேட்டறிந்தேன். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி, நெஞ்சில் இருந்த கல்லை இன்னொருவரும் ஒரு பக்கம் பிடித்தது போல இருந்தது.

"நான் கேட்கலாம், செபிக்கலாம், கூட வரலாம். மருந்து எழுத எனக்குத் தெரியாது ஐயா" என்றார். எனக்கு முன்னாலேயே மகளுக்குப் போன் எடுத்தார். அன்றிரவு பக்கத்து வீட்டுத் தம்பி என் விறாந்தையில் படுத்தான். விடிய ஏழரைக்குப் பாதர் மோட்டார் சைக்கிளில் வந்து, அதை என் வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோவில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். துண்டு எடுத்து, வரிசையில் என் பக்கத்திலேயே இருந்தார். யாரோ தெரிந்தவர் "என்ன பாதர் இங்கே?" என்று கேட்டபோது, "ஐயாவோடு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். என் கால்கள் போக மறுத்த வாசலுக்குள் நான் அப்படித்தான் போனேன்.

இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பு முழுவதும் அந்தக் காலை நேரத்தில்தான் இருக்கிறது. கேட்கத் தெரிந்த மதகுருமார் இருக்கிறார்கள். தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் கையை விடாமல் அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை நான் இவரிடம்தான் கண்டேன்.

வைத்தியர் ஒரு பிள்ளை, என் மகளைவிடச் சின்னவர். நித்திரை, சாப்பாடு, ஞாபகம் எல்லாம் கேட்டார். ஒரு மணிக்கூடு கீறி முள் வைக்கச் சொன்னார். இரத்தம் எடுக்க அனுப்பினார்: தைரொய்ட், விற்றமின் பி12, சீனி. ஏன் என்று கேட்டேன். வயதானவர்களுக்குத் தைரொய்ட் குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே காட்டும் என்றார். எனக்குப் பி12 குறைவாகவும் இருந்தது, மனச்சோர்வும் இருந்தது. குளிசை சின்ன அளவில் தொடங்கினார். "உடனே வேலை செய்யாது, சில கிழமை பொறுங்கோ, இடையில் நிறுத்தாதீங்கோ" என்றார். இந்த வகைக் குளிசைகளால் வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்று இரண்டாம் கிழமை திரும்பவும் இரத்தம் பார்த்தார். பாதரிடம், "நீங்கள் வியாழக்கிழமையை விடாதீங்கோ" என்றார். எனக்கு அது மருந்துச்சீட்டில் எழுதின மாதிரி இருந்தது. ஐந்தாம் கிழமை ஒரு நாள் நான்கு மணிவரை நித்திரை கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோணேசருக்கு ஏறினேன்.

என் கதை தனிக் கதை இல்லை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நடந்த பெரிய கணக்கெடுப்பொன்றை ஆராய்ந்து 2003இல் எழுதியிருக்கிறார்கள்: மனநலச் சிக்கலுக்கு எப்போதாவது உதவி தேடினவர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் மதகுருவிடம் போயிருந்தார். அப்படிப் போனவர்களில் அதிகமானோர் மதகுருவோடு மட்டும் நின்றுவிட்டார்கள், வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ பார்க்கவில்லை. வசதியும் வைத்தியர்களும் நிறைந்த நாட்டிலேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டுமா? கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் வயதானவரை "ஏன் போகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. பஸ் காசு போதும். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று எல்லாவற்றுக்கும் வந்த ஆளிடம் மீண்டும் முதலிலிருந்து கதை சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் நல்ல காரணங்கள். அதனால்தான் அந்த முதல் கதவில் நிற்பவர் அடுத்த கதவையும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வேப்பமரத்தடி வாங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முறைக்குக் காத்திருக்கும் நாலைந்து பேர் அதில் இருப்போம். பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவருவார். மகனைக் கடலில் இழந்த திருக்கடலூர் ஐயா ஒருவர், கணவன் 1990இல் காணாமல் போன ஓர் ஆச்சி, காது கேட்காத ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. சில நாள் பாதரிடம் போகாமலேயே வாங்கில் கதைத்துவிட்டு எழும்பிப் போவோம். லண்டனில் 1953இல் சாட் வரா என்ற அங்கிலிக்கன் குருவானவர், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைப்பதற்கென்று தன் கோவிலில் ஒரு தொலைபேசி வைத்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துக் கதைத்தார்கள். பலருக்கு அதுவே போதுமாகி, குருவானவரைப் பார்க்காமலே போனார்கள். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படி வளர்ந்தது. அதே வழியில் 1974இல் இலங்கையில் சுமித்திரயோ தொடங்கியது. நான் வேலை செய்த தபால் கவுண்டரிலும் அப்படித்தான், மாதாந்த உதவிக் காசு எடுக்க வரும் கிழவர்கள் காசை வாங்கிய பிறகும் நின்று கதை சொல்வார்கள். வரிசை நீளமாக இருக்கும், "அடுத்த ஆள்" என்று நான் கூப்பிடுவேன். அந்த முகங்கள் சில இப்போது ஞாபகம் வருகின்றன. வெளியில் ஒரு வாங்கு போடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

சரி, குறைகள். இவற்றைப் பாதரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மலசலகூடம் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது, பூட்டியே இருக்கும். திறப்பை வைத்திருப்பவரைத் தேட வேண்டும். எழுபது தாண்டின ஆண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எழுபது தாண்டினவர்களுக்குத்தான் தெரியும். இதற்காகவே வராமல் விட்ட ஒருவர் இருக்கிறார். விறாந்தைக்கு மூன்று படி, பிடிக்கக் கம்பி இல்லை. வியாழன் ஐந்தரைக்குப் பாடகர் குழு பயிற்சி தொடங்கும். காது மந்தமானவர் தன் இரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டி வரும். செவ்வாய்க்கிழமை வாருங்கள். டிசம்பரிலும் தவக்காலத்திலும் திருவிழா நாட்களிலும் பாதருக்கு நேரம் இருக்காது, அடிக்கடி தவறும். தனித்துப்போனவர்களுக்கு நத்தார்க் காலம்தான் மிகவும் நீளமானது. அந்த நாட்களுக்கு வேறு யாரையாவது ஒழுங்குசெய்ய வேண்டும்.

பெண்கள் தனியாக வந்து இருக்கத் தயங்குகிறார்கள். விதவைகள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! வாங்குவரை வருவார்கள், கதிரைக்கு வர மாட்டார்கள். இப்போது உளவளத்துணை படித்த ஒரு சிஸ்டர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை வருகிறார். அது போதாது, கிழமைதோறும் வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இந்த விறாந்தை எட்டாது. முதல் வெள்ளியில் பாதர் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவார், ஆனால் ஒரு நாளில் அத்தனை வீடு என்றால் ஒருவரோடு பத்து நிமிடம்தான்.

எனக்கு உள்ளூரப் பெரிய பயம் வேறு. ஆயர் பாதர்மாரைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றுவார். இவர் போனால்? வருகிறவர் இதைத் தொடர்வாரா என்று எந்த உறுதியும் இல்லை. ஒருவரின் நல்ல குணத்தில் மட்டும் நிற்கிறது இந்தச் சேவை. கேட்கப் பழகின நாலைந்து பொதுமக்கள் வேண்டும். வாங்கில் இருக்கும் நாங்களே அதற்குப் பழகலாம் என்று சொன்னேன். பாதர் தலையாட்டினார். சிஸ்டர் எங்களுக்கு இரண்டு வகுப்பு எடுத்திருக்கிறார். மூன்றாவது மழையால் நின்றுவிட்டது.

கிண்ணியாவில் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பாலம் வருமுன்னர் மிதவைப் பாதையில் ஏறி வேலைக்கு வந்து போனவர். அவர் மனைவியை இழந்தபோது அவருடைய மௌலவி, அஸர் தொழுகைக்குப் பிறகு நாற்பது நாள் அவரோடு பள்ளித் திண்ணையில் இருந்தாராம், கதைக்காத நாளிலும். பெயர்தான் வேறு, கதிரை ஒன்றுதான். அவருடைய மௌலவிக்குக் கிளினிக் இருக்கும் நாட்களை நான் ஒரு துண்டில் எழுதி அனுப்பினேன்.

ஐந்தில் எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். மலசலகூடத் திறப்பும் சிஸ்டரின் சனிக்கிழமைகளும் சரியானால் மற்றதையும் கொடுப்பேன்.

வருகிறவர்களுக்கு: பெரிய கேற் பூட்டியிருந்தால் பக்கத்துச் சின்னக் கேற்றைத் தள்ளுங்கள். முதல் நாள் கதைக்க ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வர முடியாதவர்கள் எந்த நேரமும் 1926க்கு எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். போன மாதம் ஒரு வெள்ளைத் தாளில் 1926 என்றும் அதற்குக் கீழே 1990 என்றும் பெரிய இலக்கத்தில் எழுதி வீட்டுப் போனுக்கு மேலே ஒட்டினேன். அதே போல இன்னொரு தாளும் எழுதிப் பாதரிடம் கொடுத்தேன். கேற்றில் கட்டினால் மான் கடிக்கும் என்று, விறாந்தைச் சுவரில், வாங்கில் இருப்பவர்களின் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறார்.